கத்தி, கதிர், ஹார்மோன்

சென்னையின் பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட், 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் முதல் தலைவர். அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து அதே சங்கத்தின் பேரில் ஒரு மருத்துவமனை எழுந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காக நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் காந்தி நகர் கால்வாய்க்கரையில் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வேலையைத் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் தங்கள் ஆயுளையே அதற்குக் கொடுத்தார்கள். 1957இல் அங்கே கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. இந்தியா முதலில் பார்த்த அத்தகைய கருவிகளுள் அதுவும் ஒன்று. 2019 ஜனவரியில், சில கிலோமீட்டர் தள்ளித் தரமணியில் தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது.

புற்றுநோய்க்கு எதிராக மனிதன் கண்டுபிடித்த பெரும்பாலான கருவிகள் பெசன்ட் நகர்வாசிக்கு ஆட்டோ தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கருவிகளை அவர் எப்போது, எந்த நிலையில் வந்தடைகிறார் என்பது வேறு கதை. கடற்கரையை ஒட்டிய அடுக்ககத்தில் இருக்கும் 54 வயது வங்கி அதிகாரி ஒருவரை எண்ணிக்கொள்வோம். அலுவலகம் ஏற்பாடு செய்த மாஸ்டர் செக்கப்பில், புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தச் சோதனையான பிஎஸ்ஏ 26 என்று வருகிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. அதே பகுதியில் ஊரூர் குப்பத்தில் அவர் வயதுள்ள மீனவர் ஒருவர். இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், போகும்போது முக்கவேண்டியிருக்கிறது. சர்க்கரையாக இருக்கும், வயசாகிறது என்று தள்ளிப்போடுகிறார். இருவருக்கும் ஒரே நோய் இருக்கலாம்: புராஸ்டேட் புற்றுநோய்.

பயாப்ஸி முடிவைப் பார்த்த மருத்துவர், "இது அதிக ஆபத்து வகை" என்று சொல்லும்போது குடும்பத்தின் காதில் விழுவது பெரும்பாலும் "கடைசிக் கட்டம்" என்பதுதான். இந்த அத்தியாயம் அந்தத் தவறான புரிதலைப் பற்றியது. அதிக ஆபத்துள்ள புராஸ்டேட் புற்றுநோய் என்பது இன்னும் எலும்புக்கோ தொலைவான உறுப்புகளுக்கோ பரவியதாகத் தெரியாத நோய். குணமாக்கும் நோக்கத்தோடுதான் அதற்குச் சிகிச்சை தரப்படுகிறது. "ஆபத்து" என்ற சொல் இங்கே குறிப்பது, ஒரே ஒரு சிகிச்சையோடு நிறுத்திவிட்டால் நோய் திரும்பிவரும் வாய்ப்பை.

மூன்று அளவுகோல்கள்

புராஸ்டேட், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. பின்னால் மலக்குடல். இரண்டு பக்கமும், ஆண்குறி விறைப்புக்குத் தேவையான மெல்லிய நரம்புக் கற்றைகள் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. கீழே சிறுநீரை அடக்கும் தசை வளையம். சிகிச்சையின் பக்கவிளைவுகள் அத்தனைக்கும் இந்த நெருக்கமான இட அமைப்பே காரணம்.

நோயின் ஆபத்தை மூன்று விவரங்களை வைத்து மதிப்பிடுகிறார்கள். முதலாவது பிஎஸ்ஏ. விந்துவை நீர்க்கச் செய்வதற்காகப் புராஸ்டேட் சுரக்கும் இந்தப் புரதம் சிறிதளவு ரத்தத்திலும் கசியும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் அதிக ஆபத்து. பிஎஸ்ஏ உயர்ந்தாலே புற்றுநோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, வயதினால் வரும் சாதாரண வீக்கம் ஆகியவையும் அதை உயர்த்தும். மறுபக்கமும் உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்கோ முடி உதிர்வுக்கோ ஃபினாஸ்டெரைட், டூட்டாஸ்டெரைட் மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்குப் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். ரிப்போர்ட்டில் 5 என்று இருந்தால் அது 10ஆகக் கொள்ளப்பட வேண்டியது. மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவர்கள் இதனால் ஏமாந்துபோகிறார்கள்.

இரண்டாவது, கிளீசன் மதிப்பெண். 1960களில் அமெரிக்க நோயியல் மருத்துவர் டொனால்ட் கிளீசன் வகுத்த முறை இது. நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு ஒழுங்கு குலைந்து தெரிகின்றன என்பதற்கு ஒரு எண் கொடுத்து, அதிகம் காணப்படும் இரண்டு வடிவங்களின் எண்களைக் கூட்டுவார்கள். இன்று ரிப்போர்ட்டுகளில் 6 முதல் 10 வரை வருகிறது. 8, 9, 10 என்றால் அதிக ஆபத்து. அண்மை ஆண்டுகளில் இதையே 1 முதல் 5 வரை தரக் குழுக்களாகவும் எழுதுகிறார்கள். 4, 5 ஆகியவை மேற்சொன்ன மதிப்பெண்களுக்குச் சமம்.

மூன்றாவது, கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கிறதா என்பது. தாண்டியிருந்தால் அது மூன்றாம் நிலைக் கட்டி. இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலே அதிக ஆபத்து வகையில் சேர்த்துவிடுவார்கள். ஆகவே இந்த வகைக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு நிறைய. பிஎஸ்ஏ மட்டும் 22 ஆகி, மற்ற இரண்டும் சாதாரணமாக உள்ளவரும் இதில் இருக்கிறார். கிளீசன் 9, உறை தாண்டிய கட்டி, பிஎஸ்ஏ 60 உள்ளவரும் இதில்தான் இருக்கிறார். தெருவில் தெரிந்தவருக்கு ஊசி மட்டும் போட்டார்களே, எனக்கு ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கான பதில் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

ஐம்பதுகளில் வந்தால்

எண்பது வயதில் இந்த நோய் வந்தவருக்கு, நோய் முற்றுவதற்கு முன் இதயமோ வேறு ஏதோ அவரைக் கொண்டுபோய்விடலாம். அதனால் அங்கே மென்மையான சிகிச்சை போதும் என்ற முடிவுக்கு நியாயம் உண்டு. 52 வயதுக்காரருக்கு அந்த நியாயம் பொருந்தாது. அவருக்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்க்கை இருக்கலாம். அந்த நோய்க்கும் அத்தனை ஆண்டுகள் கிடைக்கும். கட்டியைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கும் கண்காணிப்பு முறை குறைந்த ஆபத்து வகைக்கு மிகச் சரியானது. அதிக ஆபத்து வகையில், நடுத்தர வயதில், அதற்கு இடமில்லை.

அதே இருபத்தைந்து ஆண்டுகள் பக்கவிளைவுகளுக்கும் உண்டு. சிறுநீர்க் கசிவு, தாம்பத்திய வாழ்வின் இழப்பு, எலும்புத் தேய்வு ஆகியவற்றை ஐம்பதுகளில் இருப்பவர் நெடுங்காலம் சுமக்கவேண்டியிருக்கும். வேலையில் இருப்பவர், வீட்டுக் கடன் கட்டுபவர், பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் பாக்கி உள்ளவர் அவர். நோயை முழுமையாக ஒழிப்பதும் வாழ்க்கையைக் காப்பதும் ஒரே சமயத்தில் எடைபோடப்பட வேண்டிய வயது இது.

இன்னொரு விஷயமும் இந்த வயதில் முக்கியமாகிறது. பிஆர்சிஏ-2 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது இருப்பவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் சற்று முன்கூட்டியே, சற்று மூர்க்கமாக வரும் போக்கு உண்டு. பெண்களின் மார்பக, சூலகப் புற்றுநோய்களோடு பேசப்படும் அதே மரபணுதான். அதிக ஆபத்து வகை என்று தெரிந்தவர்கள் அனைவரும் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அப்பாவுக்கு நடக்கும் இந்தச் சோதனை மகளின் உயிரையும் காக்கக்கூடும். தம்பிகளும் மகன்களும் எப்போதிலிருந்து பிஎஸ்ஏ பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதும் இதில் தெளிவாகும்.

எதுவரை போயிருக்கிறது

சிகிச்சையை முடிவுசெய்யும் முன் நோயின் எல்லை தெரிய வேண்டும். நெடுங்காலம் இதற்கு சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும்தான் வழி. இரண்டுக்கும் சிறிய பரவல் கண்ணில் படாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் என்ற புதிய முறை வந்திருக்கிறது. புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதைத் தேடிப் பற்றிக்கொள்ளும் ஒரு மூலக்கூறில் கேலியம்-68 போன்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து ஊசியாகச் செலுத்துகிறார்கள். செல்கள் எங்கே இருந்தாலும் படத்தில் ஒளிர்கின்றன. அதிக ஆபத்து நோயாளிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் இதன் துல்லியம் 92 விழுக்காடு. பழைய ஸ்கேன்களுக்கு 65. சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் இந்த ஸ்கேன் இப்போது வழக்கமாகிவிட்டது.

ஸ்கேன் சுத்தமாக வந்தால் மகிழலாம். ஆனால் அதுவும் சில மில்லிமீட்டருக்குக் கீழ் உள்ளவற்றைக் காட்டாது. கண்ணுக்குத் தெரியாத அந்த விதைகள் இருக்கக்கூடும் என்ற அனுமானத்தின் மேல்தான் இனி வரும் சிகிச்சைகள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன.

கத்தி

புராஸ்டேட்டை முழுவதுமாக எடுக்கும் அறுவையை 1904இல் பால்டிமோரில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்தார். அடுத்த எண்பது ஆண்டுகள் அந்த அறுவை பெரும் ரத்த இழப்பும், ஏறக்குறைய உறுதியான ஆண்மைக் குறைவும் கொண்டதாகவே இருந்தது. 1982இல், யங் பணியாற்றிய அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ், விறைப்பு நரம்புகள் ஓடும் பாதையை அடையாளம் கண்டு அவற்றைக் காப்பாற்றி அறுவை செய்து காட்டினார். 2000க்குப் பிறகு ரோபோ வந்தது. டெட்ராய்ட்டில் ரோபோ வழிப் புராஸ்டேட் அறுவையை ஒழுங்கான முறையாக வளர்த்தெடுத்த டாக்டர் மணி மேனன், புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்தவர். இன்று சென்னைத் தனியார் மருத்துவமனைகளில் இது சாதாரணமாக நடக்கிறது. 2022 முதல் ஓமந்தூரார் வளாகத்து அரசு மருத்துவமனையிலும் அறுவைச் சிகிச்சை ரோபோ இருக்கிறது.

ரோபோ என்றதும் இயந்திரம் தானாகவே அறுக்கிறது என்று நினைக்க வேண்டாம். மருத்துவரின் கைதான் வேலை செய்கிறது. கருவி அதற்கு நுணுக்கமும் பெரிதாக்கிய காட்சியும் தருகிறது. ரத்த இழப்பு குறைகிறது, வீடு திரும்பும் நாள் முன்னதாக வருகிறது. நோயைக் குணமாக்குவதில் அனுபவமுள்ள கையால் செய்யப்படும் திறந்த அறுவையைவிட ரோபோ மேலானது என்பது நிரூபணமாகவில்லை. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்பதுதான்.

அதிக ஆபத்து நோயில் அறுவை கொஞ்சம் பெரிதாகிறது. இடுப்புக்குள் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் விரிவாக எடுக்க வேண்டும். கட்டி உறையைத் தாண்டிய பக்கத்தில் நரம்பைக் காப்பாற்ற முயன்றால் நோயை உள்ளே விட்டுவிடும் அபாயம் உண்டு. அதனால் அந்தப் பக்கத்து நரம்பைச் சேர்த்தே எடுப்பார்கள். அறுவைக்குப் பின் சில மாதங்கள் சிறுநீர் கசியும். இடுப்பு அடித்தளத் தசைப் பயிற்சியோடு பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் கட்டுப்பாடு திரும்புகிறது. விந்து வெளியேறுவது நின்றுவிடும். இன்னும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்துவைக்க வேண்டும்.

அறுவையின் பெரிய ஆதாயம் தெளிவு. எடுத்த சுரப்பியை முழுதாக ஆராய முடிகிறது. ஓரிரு மாதங்களில் பிஎஸ்ஏ ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். பிறகு அது மெல்ல ஏறினால் நோய் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். அப்படி ஏறத் தொடங்கியவுடனே கதிர்வீச்சு தரலாம். முன்பெல்லாம் அறுவை முடிந்த கையோடு எல்லோருக்கும் கதிர்வீச்சு கொடுத்துவிடுவது நல்லது என்று பலர் கருதினார்கள். 2020இல் வெளியான ராடிகல்ஸ் ஆய்வு, காத்திருந்து பிஎஸ்ஏ ஏறும் முதல் அறிகுறியில் கொடுத்தாலும் நோய்க் கட்டுப்பாடு குறையவில்லை, சிறுநீர்த் தொல்லைகள் குறைகின்றன என்று காட்டியது. பலர் தேவையில்லாத கதிர்வீச்சிலிருந்து தப்பினார்கள். ஆனால் அதிக ஆபத்து வகையில் கணிசமானோருக்குக் கத்தியோடு கதை முடிவதில்லை. அறுவை அறைக்குள் போகுமுன்பே இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் பின்னால் மனம் உடைவதில்லை.

கதிர்

நம் ஊர் வார்டுகளில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சு, புற்றுச் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. நல்ல செல்லும் உடைகிறது. ஆனால் அது இரவோடு இரவாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறன் கூடுதலாகக் கொண்டது. தினம் ஒரு சிறு அளவாகப் பிரித்துக் கொடுப்பதன் அடிப்படை இதுவே. 1957இன் கோபால்ட் கருவியால் இடுப்பின் ஆழத்தில் உள்ள சுரப்பிக்குப் போதிய கதிரைக் கொடுக்கப் போனால் மலக்குடல் புண்ணாகும். அதற்குப் பயந்து அளவைக் குறைத்தால் நோய் மிஞ்சும். லீனியர் ஆக்சிலரேட்டரும், கதிரின் வடிவத்தைக் கட்டிக்கேற்ப மாற்றும் கணினித் திட்டமும், தினமும் படம் பார்த்துக் குறிவைக்கும் வசதியும் வந்தபின் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. எட்டு வாரம் வரை நீண்டுகொண்டிருந்த சிகிச்சை இப்போது பல இடங்களில் நான்கைந்து வாரமாகச் சுருங்கியிருக்கிறது. அடையாறில் அறை எடுத்துத் தங்கிச் சிகிச்சை பெறும் வெளியூர்க் குடும்பங்களுக்கு இப்படி மிச்சமாகும் மூன்று வாரம் பெரிய தொகை.

சுரப்பிக்கு மட்டும் கதிர் கொடுப்பதா, இடுப்புக்குள் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுப்பதா என்ற கேள்வி உலகம் முழுவதும் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. அதற்கு வலுவான விடை ஒன்று மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. அதிக ஆபத்து, மிக அதிக ஆபத்து நோயாளிகள் 224 பேரை அங்கே இரு குழுவாகப் பிரித்தார்கள். இருபத்தைந்து நாள் சிகிச்சை. அனைவருக்கும் குறைந்தது இரண்டாண்டு, அடுத்த பகுதியில் பார்க்கப்போகும் ஹார்மோன் தடுப்பு. 2021இல் வெளியான முடிவில், ஐந்தாண்டுகளுக்குப் பிஎஸ்ஏ திரும்ப ஏறாமல் இருந்தவர்கள் சுரப்பிக்கு மட்டும் கதிர் பெற்ற குழுவில் 81 விழுக்காடு, இடுப்பையும் சேர்த்துப் பெற்ற குழுவில் 95 விழுக்காடு. உயிரோடு இருந்தோர் விகிதத்தில் அந்தக் காலத்துக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்திய நோயாளிகளிடம், இந்தியப் பொது மருத்துவமனையில் நடந்த இந்த ஆய்வை உலகெங்கும் உள்ள புற்றுநோய் மருத்துவர்கள் இன்று எடுத்துப் பேசுகிறார்கள். சிகிச்சையை ஐந்தே நாட்களில் முடிக்க இயலுமா என்பதையும் அதே மருத்துவமனை ஆராய்ந்துவருகிறது.

சுரப்பிக்குள்ளேயே கதிரியக்க ஊசிகளை வைத்துக் கூடுதல் அளவு கொடுக்கும் பிராக்கிதெரபியும் உண்டு. கட்டுப்பாடு கூடும், சிறுநீர்க் குழாய்ச் சிக்கல்களும் கூடும். அதில் கைதேர்ந்தவர்கள் உள்ள இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்.

புரோட்டானைப் பற்றித் தென்சென்னைவாசிகள் அடிக்கடி கேட்பார்கள்; மையம் பக்கத்திலேயே இருக்கிறதல்லவா. எக்ஸ் கதிர் உடம்பைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் குறித்த ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். குழந்தைகளின் மூளைக் கட்டிகளிலும் முதுகெலும்பை ஒட்டிய கட்டிகளிலும் இந்தப் பண்பு பெரிய வரம். புராஸ்டேட்டில் அப்படிச் சொல்ல இயலாது. குறைந்த, நடுத்தர ஆபத்து நோயாளிகளிடம் அமெரிக்காவில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் முடிவுகளைச் சொன்னது: குடல் நலத்திலும் நோய்க் கட்டுப்பாட்டிலும் வேறுபாடு தென்படவில்லை. புராஸ்டேட்டுக்காகச் சொத்தை விற்றுப் புரோட்டானுக்குப் போகவேண்டிய கட்டாயம் இன்றைய ஆதாரங்களின்படி எவருக்கும் இல்லை.

ஹார்மோன்

புராஸ்டேட் செல்கள் டெஸ்டோஸ்டிரோனை நம்பி வாழ்பவை. 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களின் விரைகளை அகற்றியபோது நோய் பின்வாங்குவதைக் காட்டினார். ஒரு புற்றுநோயை ஹார்மோன் வழியாக அடக்கலாம் என்பதை உலகுக்குச் சொன்ன கண்டுபிடிப்பு அது. 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் மூளையிலிருந்து விரைகளுக்குப் போகும் கட்டளையையே நிறுத்தும் ஊசிகள் வந்தன.

பரவாத நோயில் கதிர்வீச்சோடு இந்த ஊசியைச் சேர்த்தால் என்ன ஆகும்? 1997இல் மிஷேல் போலா தலைமையில் ஐரோப்பியர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைத் திருப்பிப் போட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் 62 விழுக்காடு. அதோடு மூன்றாண்டு ஊசியும் பெற்றவர்களில் 79. பிறகு ஸ்காண்டிநேவிய நாடுகள் கேள்வியைத் திருப்பிக் கேட்டன: ஹார்மோன் மட்டும் போதுமா? 2009இல் அச்சான விடை: ஹார்மோன் மட்டும் பெற்றவர்களில் பத்தாண்டுக்குள் இந்த நோயால் இறந்தவர்கள் 24 விழுக்காடு, கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 12. ஒன்று தனியாகச் செய்ய முடியாததை இரண்டும் சேர்ந்து செய்கின்றன. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு காலம் தள்ளலாம் என்று நடுத்தர வயதுக்காரர் எவருக்காவது ஆலோசனை கிடைத்தால், இந்த எண்களை அவர் எடுத்துக் காட்டிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது படி 2021இன் இறுதியில் வந்தது. அபிராட்டரோன் என்ற மாத்திரை, விரைகளுக்கு வெளியே அட்ரினல் சுரப்பியிலும் கட்டிக்குள்ளேயும் உருவாகும் ஆண் ஹார்மோனையும் தடுக்கிறது. பிரிட்டனை மையமாகக் கொண்ட ஸ்டாம்பீட் ஆய்வில் நிணநீர் முடிச்சுக்குப் பரவியவர்கள், அல்லது கட்டி உறை தாண்டியது, கிளீசன் 8 அல்லது அதற்கு மேல், பிஎஸ்ஏ 40 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு உள்ளவர்கள் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு இரண்டாண்டு அபிராட்டரோன் பெற்றவர்களில் ஆறாண்டு உயிர்வாழ்ந்தோர் 86 விழுக்காடு, பெறாதவர்களில் 77. இந்தியாவில் இந்த மருந்தைப் பல நிறுவனங்கள் தயாரிப்பதால் மேலைநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கிறது. வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் எடுப்பதற்குப் பதில், உணவோடு 250 மில்லிகிராம் எடுத்தாலும் பிஎஸ்ஏ அதே அளவு குறைகிறது என்று ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. பணம் இல்லாதவர்களுக்கு மருத்துவர்கள் இந்த வழியை யோசிப்பதுண்டு. தானாக அளவை மாற்றிக்கொள்வது மட்டும் ஆபத்து. இந்த மருந்து உணவோடு சேரும்போது உடம்பில் ஏறும் அளவு பல மடங்காகிறது.

ஹார்மோன் தடுப்பின் விலையை மறைக்கக் கூடாது. உடம்பில் திடீர் வெப்பம் பரவும், வியர்க்கும். தசை கரையும், தொப்பை கூடும், எலும்பு வலுவிழக்கும், மனம் சோர்ந்துபோகும், ஆசை அறவே அடங்கிவிடும். சர்க்கரை ஏறும். ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மலிந்த தமிழ்நாட்டில் இது சிறிய விஷயம் இல்லை. அதிக ஆபத்து நோய்க்கு வழக்கமாக ஒன்றரை முதல் மூன்று ஆண்டு வரை ஊசி போடுகிறார்கள். அந்தக் காலம் முழுவதும் வாரத்தில் பல நாள் வேக நடையும் எடை தூக்கும் பயிற்சியும், எலும்பு அடர்த்திச் சோதனையும், சர்க்கரைக் கண்காணிப்பும் சிகிச்சையின் பகுதிகள். ஊசியை நிறுத்தியபின் டெஸ்டோஸ்டிரோன் மெல்லத்தான் திரும்பும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. ஊசிச் செலவைத் தாங்க முடியாத நோயாளிகளுக்கு விரைகளை அகற்றும் சிறு அறுவை இன்றும் நம் நாட்டில் செய்யப்படுகிறது. மலிவானது, ஒருமுறையோடு முடிவது, ஆனால் மீள வழியில்லாதது. குணமாகும் நோக்கத்தோடு சில ஆண்டுகள் மட்டும் தேவைப்படும் சிகிச்சைக்காக 52 வயதுக்காரர் ஒருவர் பணமில்லாத காரணத்தால் நிரந்தர இழப்பை ஏற்கும்படி விடுவது நியாயமாகாது. காப்பீட்டுத் திட்டத்தில் ஊசி கிடைக்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் விசாரித்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

அறுவையா, கதிர்வீச்சா? அதிக ஆபத்து நோயில் இரண்டையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நேருக்கு நேர் ஒப்பிட்டு முடித்த பெரிய ஆய்வு இன்னும் இல்லை. ஸ்காண்டிநேவியாவில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை மருத்துவம் சொல்லக்கூடியது இரண்டு பாதைகள். ஒன்று, அறுவையில் தொடங்கி, தேவைப்பட்டால் கதிர்வீச்சும் ஹார்மோனும் சேர்ப்பது. மற்றது, கதிர்வீச்சும் நீண்ட கால ஹார்மோனும் சேர்ந்து, மிகக் கடுமையான நோய்க்கு அபிராட்டரோனும் கூடுவது. ஏற்கெனவே சிறுநீர் அடைப்பு உள்ளவருக்கும், சுரப்பி பெரிதாக வீங்கியவருக்கும், ஹார்மோன் தடுப்பைத் தவிர்க்க விரும்பும் இளவயதினருக்கும் முதல் பாதை ஒத்துவரலாம். கட்டி சுற்றுப்புறத்தில் ஊன்றிவிட்டவருக்கும், மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாத இதயம் உள்ளவருக்கும் இரண்டாவது பொருந்தும். அறுவை சிறுநீர் அடக்கத்தையும் விறைப்பையும் உடனே பாதிக்கும். கதிர்வீச்சு குடலையும் சிறுநீர்ப்பையையும் மெதுவாக, சில சமயம் ஆண்டுகள் கழித்துப் பாதிக்கும்.

முதலில் பார்க்கும் மருத்துவர் அறுவை நிபுணராக இருந்தால் அறுவையும், கதிர்வீச்சு நிபுணராக இருந்தால் கதிர்வீச்சும் இயல்பாக மேலாகத் தெரியும். இருவரையும் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். இரண்டு துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியையும் விவாதிக்கும் கூட்டம் நல்ல புற்றுநோய் மருத்துவமனைகளில் நடக்கிறது. உங்கள் ரிப்போர்ட் அங்கே பேசப்பட்டதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மற்றப் பல புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது மெதுவாக நகரும் நோய். இரண்டாவது கருத்துக்காகச் செலவிடும் சில வாரங்களால் பொதுவாக நஷ்டம் வருவதில்லை. பயத்தில் மாதக்கணக்கில் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருப்பதும், மாற்று மருந்தை மட்டும் நம்பி ஆண்டைக் கழிப்பதும்தான் உயிரைக் குடிக்கும்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்று ஆலோசனை அறைக்கு வெளியே மகன் கெஞ்சுவதை நம் ஊர் மருத்துவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அன்பினால் வரும் வார்த்தைதான். ஆனால் இந்த நோயில் தேர்வுகள் ஒருவருடைய சிறுநீர்ப் பழக்கத்தையும் தாம்பத்தியத்தையும் வேலையையும் தொடுகின்றன. அவருக்குப் பதிலாக இன்னொருவர் தேர்ந்தெடுக்க முடியாது. மனைவியும் உடன் அமர்ந்து, படுக்கையறை பற்றிய கேள்விகளையும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். மருத்துவரும் தானாகவே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். இவர்கள் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியாக, அந்த இரண்டாவது மனிதர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், அரசு மருத்துவமனைகளும், அடையாறும் குப்பத்து மீனவருக்கும் திறந்தே இருக்கின்றன. சிகிச்சை இருக்கிறது, அவர் நேரத்தில் வருவதில்லை. எல்லா ஆண்களுக்கும் கண்மூடித்தனமாகப் பிஎஸ்ஏ எடுத்தால், வாழ்நாள் முழுதும் தொந்தரவு தராத சிறு கட்டிகளையும் கண்டுபிடித்து வீண் சிகிச்சையில் இழுத்துவிடும் ஆபத்து உண்டு. மேலைநாடுகள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. சிறுநீர்த் தொல்லை உள்ளவர்களையும், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் வந்தவர்களையும், அம்மா வழியில் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களையும் தேடிச் சோதிப்பது அப்படிப்பட்டதல்ல. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஆணிடம் அவர்கள் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் போதும்: இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்ததுண்டா? அடிக்கடி எழுபவருக்கும், வீட்டில் உண்டு என்று சொல்பவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. குணமாக்கக்கூடிய கட்டத்தில் அடுக்ககத்து அதிகாரி பிடிபடுவதைப்போல மீனவரும் பிடிபடட்டும். பன்னிரண்டு படுக்கைகளோடு இங்கே தொடங்கியவர்கள் பணம் பார்த்து நோயாளியைப் பிரிக்கவில்லை. நாமும் பிரிக்கக் கூடாது.